தவறியவர்கள் ஏழு பேர்

எனக்குக் கலந்த சாதம் பிடிக்காது. சாம்பார் சாதம், புளியோதரை, எதுவானாலும் சரி. சாதம் தனியாக, குழம்பு தனியாக, பொரியல் தனியாக இருக்க வேண்டும். கலந்துவிட்டால் உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று நேற்று உங்கள் ஆள் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் சாம்பார் சாதப் பொட்டலம்தான் வந்திருக்கிறது. பரவாயில்லை. ஒரு விசாரணைக் குழுவிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என் தொழிலே கலப்பதுதான் என்பதால் இது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நீங்கள் மூவரும் படித்தவர்கள்தான். ஆனாலும் காலையிலிருந்து நீங்கள் கேட்ட கேள்விகளை வைத்துப் பார்த்தால், ஒரு முறை விளக்கிவிடுவது நல்லது என்று படுகிறது.

ஒரு புது சிகிச்சை வருகிறது. ஒன்பது ஊர்களில் ஒன்பது மருத்துவமனைகள் அதைச் செய்து பார்த்து, இத்தனை பேருக்குச் செய்தோம், இத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்று எழுதுகின்றன. ஓர் ஊரில் சிக்கல் அதிகம், ஓர் ஊரில் குறைவு. எதை நம்புவது? அப்போதுதான் இந்தத் தணிகாசலத்தைக் கூப்பிடுவார்கள். ஒன்பதையும் வாங்கி, பெரிய ஆய்வுக்குப் பெரிய எடை, சின்ன ஆய்வுக்குச் சின்ன எடை போட்டு, ஒரே எண்ணாகக் கலந்து தருவேன். இதற்குத் தொகுப்பாய்வு என்று பெயர். கடைசியில் ஒரு படம் வரும். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் வைர வடிவத்தில் ஒரு சின்னக் குறி. அதுதான் முடிவு.

டாக்டர்கள் அந்த வைரத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். மேலே இருக்கும் கோடுகளைப் பார்ப்பதில்லை. தி.நகரில் மகள் கல்யாணத்துக்கு மூக்குத்தி வாங்க வருகிறவர்கூடக் கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பிப் பார்த்து, பக்கத்துக் கடைக்கும் ஒரு நடை போய்வந்த பிறகுதான் வாங்குகிறார். நெஞ்சுக்குள் கம்பி விடுகிற மனிதர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இருபத்தைந்து வருடங்களாக அவர்களுக்கு வைரம் விற்றவன் நான். ஒருவர்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

இனி குடைக்கு வருகிறேன். நீங்கள் கூப்பிட்டது அதற்காகத்தானே.

இதயத்தின் ஒரு மூலையில் சின்னப் பை ஒன்று உண்டு. சிலருக்கு அதற்குள் ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அப்படி ஆகாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை வேண்டாம் என்கிறவர்களுக்காக இந்தக் குடை வந்தது. தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டு, அந்தப் பையின் வாயில் குடை போல ஒரு மூடியை விரித்துவிடுவார்கள். இரண்டு நாளில் வீடு. ஒரு மாதத்தில் மறுபரிசோதனை.

கிண்டி பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த மாநாட்டில், தொகுப்பாய்வை ஆரம்பிக்கும் முன்பே நான் மேடையில் சொன்னேன்: இந்தக் குடையில் சிக்கல் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழேதான் இருக்கும். முன்வரிசையில் டெல்லிக்காரர் ஒருவர் சிரித்தார். "எண் ஜோதிடம் பார்க்கிறாரா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது. அவ்வளவுதான் என் பகை. இந்தக் கம்பெனி எனக்கு என்ன கொடுத்தது என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். ஒன்றும் கொடுக்கவில்லை. லஞ்சம் வாங்கியவன் என்றால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும், தெரிகிறது. புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு ஆசை கிடையாது.

எட்டு ஆய்வுகள் ஒழுங்காக வந்தன. ஒன்பதாவது, தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து டாக்டர் சுயம்புலிங்கம் என்பவர் அனுப்பியது. அறுபத்து நான்கு நோயாளிகள். மற்ற எட்டு இடங்களிலும் அறுபது வயதுக்கு உட்பட்ட, நன்றாக நடமாடுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். சுயம்புலிங்கத்துக்கு அந்த சாமர்த்தியம் போதாது. வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் வைத்திருக்கிறார். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். அட்டவணையை நர்சுகளே தமிழில் நிரப்பி, தமிழிலேயே அனுப்பியிருந்தார்கள். மறுபரிசோதனை என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள். வந்தவர்கள் ஐம்பத்து நான்கு. வராதவர்கள் மூன்று. தவறியவர்கள் ஏழு.

அதை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை ஹம்சினியுடையது. தரமணியில் எங்கள் நிறுவனத்தில் என்னிடம் வேலை பார்த்த பெண். கெட்டிக்காரி, ஆனால் பிறந்து வளர்ந்தது புனேயில். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அவள் அப்பா வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் குடும்பம் மயிலாப்பூருக்குத் திரும்பியது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "சார், வராதவர்கள்னு ஒண்ணு இருக்கு, தவறியவர்கள்னு ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"நீ என்ன நினைக்கறே?"

"தவறின்னா மிஸ் பண்றது. பஸ்ஸைத் தவற விட்டேன்னு சொல்றோமே, அது மாதிரி. செக்கப்பைத் தவற விட்டவா. அப்ப ரெண்டும் வராதவாதான். பத்து பேர்னு சேர்த்துப் போட்டுடறேன்."

"சரி," என்றேன்.

இந்த 'சரி'யைத்தான் காலையிலிருந்து பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அது வெறும் இரண்டு எழுத்து. ஒருவர் தன் வேலையைத் தானே முடிவு செய்து சொல்லும்போது மேலதிகாரி சொல்கிற சொல்.

வராதவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள், அது விதி. பத்துப் பேரும் வெளியே போனார்கள். மிச்சம் ஐம்பத்து நான்கு பேர், சிக்கல் பூஜ்யம். சுயம்புலிங்கத்தின் ஆஸ்பத்திரி ஒரே மத்தியானத்தில் நாட்டிலேயே பாதுகாப்பான ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கலந்தபோது வைரம் பூஜ்யம் புள்ளி ஏழில் உட்கார்ந்தது. அந்த ஏழு பேரையும் சேர்த்திருந்தால் ஒன்று புள்ளி ஏழு. பார்த்தீர்களா, புள்ளிக்குப் பின்னால் அதே ஏழுதான். முன்னால் மட்டும்தான் வித்தியாசம்.

கட்டுரை வெளிவந்தது. டெல்லிக்காரர் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார். அதில் இரண்டு இலக்கணப் பிழை இருந்தது. ஆஸ்பத்திரிகள் 'நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு' என்று அச்சடித்து வரவேற்பறையில் மாட்டின.

ஒரு மாலை பறக்கும் ரயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கஸ்தூர்பா நகர் தாண்டியதும் போன் வந்தது.

"சார், சுயம்புலிங்கம் பேசுதேன். கட்டுரை பாத்தேன். என்ன சார் இப்படிப் பண்ணிட்டிய?"

"எதைச் சொல்றீங்க, டாக்டர்?"

"என் ஏழு ஆளையும் எங்க கொண்டு வச்சிய? தவறிட்டாங்கன்னு தெளிவா எழுதி அனுப்பிருக்கோம். நீங்க வரலைன்னு போட்டிருக்கிய. செத்தவன் எப்படி சார் செக்கப்புக்கு வருவான்? எங்க நர்சு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டிருக்கா. எல்லாம் எழுபது தாண்டினவங்க. இதயச் சுவரு மெலிசாக் கிடக்கு, அந்தக் குடைக் கம்பி உரசி உரசி ஓட்டை போட்டுருது. ஆஸ்பத்திரியில இருக்கையில ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குப் போய் பத்து, பதினஞ்சு நாள்ல பொசுக்குன்னு போயிருதாங்க. ஏழாவது ஆளு போனதும் நான் நிப்பாட்டிட்டேன். இனி எவனும் வயசாளிக்கு வைக்கக் கூடாதுன்னுதான் உங்களுக்கே அனுப்புனேன்."

"மன்னிச்சுக்குங்க டாக்டர். எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு, வடக்கே வளர்ந்தது, தமிழ் சரியா வராது. மொழிபெயர்ப்புல தப்பு பண்ணிடுச்சு. நான் திருத்தம் போட்டுடறேன்."

"சீக்கிரம் போடுங்க சார். உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

நல்ல மனிதர். திருத்தம் என்றதும் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டார். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன், அவர்கள்தான் தாமதிக்கிறார்கள் என்றேன். ஒரு டாக்டரை அமைதிப்படுத்த பத்திரிகையின் தாமதத்தைவிட நல்ல மருந்து கிடையாது.

நான் ஏன் போடவில்லை என்றால், திருத்தம் போடுவது அவ்வளவு எளிது இல்லை. நூற்றுக்கு ஒன்று புள்ளி ஏழு என்பது ஒரு மோசமான எண்ணும் இல்லை, நல்ல எண்ணும் இல்லை. அதைப் படித்து யாரும் திருந்தப்போவதில்லை. பழைய எண்ணை நம்பியவர்கள் என்னை நம்பாமல் போவார்கள், அதுதான் நடக்கும். பிறகு நல்ல எண் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். நோயாளிகளுக்குத்தான் நஷ்டம். அப்படித்தான் யோசித்தேன். இப்போதும் அதில் பிழை தெரியவில்லை.

அடுத்த மாதம் ஹம்சினி மறுபடி என் மேசைக்கு வந்தாள்.

"சார், அப்பாக்கும் அதே இதயக் கோளாறுதான். அந்த மாத்திரை ஒத்துக்கலை. பல் தேய்ச்சாக்கூட ரத்தம் வரது. டாக்டர் குடை வெச்சுக்கலாம்னு சொல்றார். நம்ம பேப்பரைத்தான் எடுத்துக் காட்டினார். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? ஆனா அப்பா உங்க வாயால கேக்கணுமாம்."

அவள் அப்பாவுக்கு எழுபத்தோரு வயது. அது எனக்குத் தெரியும். சஷ்டியப்தபூர்த்தியின்போது எடுத்த படத்தை மேசையில் வைத்திருந்தாள், அதன் மூலையில் தேதி இருந்தது.

காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்க வருவார் என்றாள். நானும் அங்கேதான் நடப்பேன். பெயர் பரத்வாஜ். ஒல்லியான, கலகலப்பான மனிதர். கைத்தடியைச் சுழற்றிக்கொண்டே என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தணிகாசலம் சார், நான் முப்பது வருஷம் பேங்க்ல கடன் குடுத்தவன். நூத்துல ஒண்ணுகூட வாராக்கடன் இல்லேன்னா அந்த மேனேஜருக்கு மாலை போட்டு யானை மேல ஊர்வலம் விடுவா. இல்லேன்னா அவன் கணக்கை மாத்தறான்னு அர்த்தம். நீங்க ரெண்டுல எது?"

"மாலையெல்லாம் வேணாம் சார்," என்றேன்.

சிரித்தார். அப்புறம் கேட்டார்: "ஹம்சினி சொன்னா, கொஞ்ச பேர் செக்கப்புக்கு வரலையாமே. எங்க தொழில்ல வராதவன்தான் வில்லங்கம். வந்து நிக்கறவன் நல்லவன். அந்த வராதவா என்ன ஆனா?"

இருபத்தைந்து வருடங்களில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத, கடன் விண்ணப்பம் படித்துப் பழகிய மனிதர். எனக்கு அவர்மேல் உண்மையிலேயே மரியாதை வந்தது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"உடம்பு நல்லா ஆயிட்டா யாரு சார் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க?" என்றேன். "ஊர்ல வயலு, பேரன் பேத்தின்னு போயிடுவாங்க. அதான் வரலை."

"அது சரி," என்றார். "நானே வர மாட்டேன். அப்ப வெச்சுண்டுடலாங்கறேள்?"

"தாராளமா வெச்சுக்குங்க. பொண்ணு போட்ட கணக்குதானே."

அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எழுந்து போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை புரிகிறது. கொஞ்சம் கணக்கும் பாருங்கள். சுயம்புலிங்கத்தின் அறுபத்து நான்கில் ஏழு என்றால் சுமாராக ஒன்பதில் ஒருவர். அதாவது எட்டுப் பேர் பிழைக்கிறார்கள். நான் அவரை அனுப்பியது எட்டுப் பேர் பிழைக்கிற வரிசைக்கு. பரத்வாஜை வேண்டாம் என்று நான் தடுத்திருந்தால் ஹம்சினி ஏன் என்று கேட்டிருப்பாள். அட்டவணையைத் திரும்ப எடுத்திருப்பாள். மூன்று கட்டங்களையும் யாரிடமாவது காட்டியிருப்பாள். எட்டு நல்ல வாய்ப்புகள் கையில் இருக்கும்போது அதற்கு என்ன அவசியம்?

குடை நன்றாக உட்கார்ந்தது. இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஹம்சினி அலுவலகத்துக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கி வந்தாள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

மறுபரிசோதனைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் காபி கொண்டு போன மனைவி, நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்.

நான் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. மயிலாப்பூர் கோயில் குளத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் வீடு. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஹம்சினி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. வாசல் பக்கம் எதிர்வீட்டு மாமி போனில் உறவுக்காரர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமாண்டி, நம்ம பரத்வாஜ் மாமா தவறிட்டார். கார்த்தாலதான். இல்லையே, நேத்து சாயங்காலம்கூட பால்கனியில நின்னுண்டு என்னை வம்புக்கு இழுத்தாரே..."

ஹம்சினி தலையைத் தூக்கினாள்.

"மாமி, என்ன சொன்னேள்?"

"ஏண்டி கொழந்தே?"

"தவறிட்டார்னு சொன்னேளே. எதைத் தவறிட்டார்?"

மாமி போனைக் கீழே இறக்கினார். "எதையும் இல்லைடி. போயிட்டார்னு சொல்றதுதான். பெரியவாளைப் போய் செத்துட்டார்னு சொல்ல வாய் வருமா? எல்லாரும் அப்படித்தாண்டி சொல்லுவா."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அப்பாவின் கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், நான் உங்களைக் கேட்டேனே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நானும் உயர்த்தவில்லை. "நீ கேக்கலைம்மா. ரெண்டும் ஒண்ணுன்னு நீதான் சொன்னே. நான் சரின்னேன்."

உண்மை அதுதான். ஆனால் சாவு வீட்டில் உண்மைக்கு மதிப்பில்லை. மாமிதான் என் கையில் செருப்பை எடுத்துக் கொடுக்காத குறையாக என்னை வெளியே அனுப்பினார்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைப் பற்றித்தான் உங்கள் நடுவில் இருக்கும் அம்மையார் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் குரல் நடுங்கியது. இதில் நடுங்க என்ன இருக்கிறது? தொகுப்பாய்வைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. பரத்வாஜுக்குக் குடை வைத்த ஆஸ்பத்திரியும் தன் கணக்கை அனுப்பியிருந்தது. ஹம்சினி விடுப்பில் இருந்ததால் நானே உட்கார்ந்து ஏற்றினேன். எழுபத்தோரு வயது ஆண், மயிலாப்பூர், ஒரு மாத மறுபரிசோதனை காலியாக இருந்தது. வராதவர் என்று போட்டேன். அவர் வரவில்லைதானே? விடுப்பு முடிந்து வந்த ஹம்சினி முதலில் திறந்து பார்த்தது அந்த வரிசையைத்தான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பார்த்துவிட்டு, சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். பிறகு உங்களுக்கு எழுதியிருக்கிறாள். சரியான வரிசையில்தான் செய்திருக்கிறாள். நான் பழக்கிய பெண்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டிய நிமிடமே தெரியும். நான் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவன், அங்கே தெருவுக்கு ஒருவர் தவறிக்கொண்டேதான் இருந்தார்கள். ஏழு பேர் செத்தார்கள் என்று தெரிந்தே அவர்களை வராதவர்கள் ஆக்கினேன். யாருக்கு ஆகாது என்று சுயம்புலிங்கம் சொன்ன பிறகு, தெரிந்தே பரத்வாஜைப் போகச் சொன்னேன். பொய் என்று ஒன்றை நான் எங்கும் எழுதவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் எத்தனை பரத்வாஜ்கள் என்று கேட்டீர்கள். அந்த எண் என்னிடம் இல்லை. யாரும் அனுப்பவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்ததை முழுவதும் படித்தேன், பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஓர் இடம். 'முனைவர் தணிகாசலம் தவறிவிட்டார்' என்று போட்டிருக்கிறீர்கள். கடமையில் தவறினார் என்று சொல்ல வந்தது புரிகிறது. ஆனால் படிக்கிறவர்கள் நான் செத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளாமல் அப்படியே விட்டுவிடுவது மிகப் பெரிய பொறுப்பின்மை.

திருத்திக் கொண்டுவாருங்கள், நான் காத்திருக்கிறேன்.